இரும்புக்குள் ஒரு தணிக்கை

பி.காம் படிக்கிறவனுக்கு மீக்கடத்தி எதுக்குய்யா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு சமாச்சாரம் கிளம்பியதே, ஞாபகம் இருக்கா? அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்துமாம். எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்துவிட்டு, மீக்கடத்தல் இல்லை என்றார்கள். ஆகஸ்டிலேயே கதை முடிந்தது. என் கடுப்பு அதில் இல்லை. மீக்கடத்தி என்றாலே "எத்தனை டிகிரி?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோமே, அதில்தான். நிகர லாபத்தை மட்டும் பார்த்து ஷேர் வாங்குகிற புத்தி இது.

இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தன்மை மீக்கடத்தலுக்கு எதிரி என்பார்கள். ஆனால் 2008-ல் ஜப்பானில் ஹிடியோ ஹோசோனோ குழு லாந்தனம், இரும்பு, ஆர்சனிக், ஆக்சிஜன் சேர்ந்த பொருளில் கொஞ்சம் ஃப்ளூரினைக் கலந்து 26 கெல்வினில் மீக்கடத்த வைத்தது. அதே வருடம் சமாரியம் போட்ட வகை 55 கெல்வினைத் தொட்டது.

கலந்த ஃப்ளூரின் வரிசையில் நிற்காது, அங்கொன்று இங்கொன்றாக உட்காரும். அப்போ எலக்ட்ரான்கள் மட்டும் எல்லா இடத்திலும் சமமாகவா இருக்கும்? மின்தடை இதைச் சொல்லாது. மின்சாரத்துக்குத் தடையில்லாத ஒரே ஒரு பாதை கிடைத்தாலும் மீட்டர் ஜீரோ காட்டிவிடும். எங்கள் நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு லோடுக்குச் சர்க்கரைக் கட்டுமானம் இவ்வளவு என்று ஒரு சராசரி சொன்னால், எந்தக் கரும்பு இனிப்பு, எது சக்கை என்று தெரியுமா?

காந்த ஒத்ததிர்வு இங்கேதான் உதவுகிறது. ஆர்சனிக் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். 1 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தால் சுமார் 7.3 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்குப் பதில் சொல்லும். பக்கத்து எலக்ட்ரான்கள் அந்த எண்ணை லேசாக நகர்த்தும். எல்லா அணுவுக்கும் ஒரே சூழல் என்றால் கோடு ஒல்லியாக வரும். ஆளுக்கொரு சூழல் என்றால் தடிக்கும், பிளக்கும். நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் திட்ட விலக்கத்தை அந்தப் பொருளே வரைந்து காட்டுகிறது! வெளிக் காந்தம் இல்லாமலே மின்னூட்டச் சூழலை விசாரிக்கும் இன்னொரு வகையும் உண்டு. 2010-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் அந்த வகையில் பார்த்தபோது, ஃப்ளூரின் குறைவாகக் கலந்த பொருளில் கோடு இரண்டாகத் தெரிந்தது. நானோமீட்டர் அளவில் இரண்டு விதமான சூழல்கள் அக்கம்பக்கமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

இது ஏதோ அயல்நாட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். பாண்டிச்சேரி தாண்டி ஈசிஆரில் போனால் வரும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், பேரியம்-இரும்பு-ஆர்சனிக் பொருளில் இரும்புக்குப் பதிலாக ருத்தீனியத்தைப் புகுத்தி மீக்கடத்தலைக் கொண்டுவந்தார்கள். இரும்பும் ருத்தீனியமும் தனிம அட்டவணையில் ஒரே பத்தி. அதாவது புதிதாக எலக்ட்ரான் எதுவும் சேர்க்காமலே! எல்கே-99-க்குக் கத்தியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதெல்லாம் வெறும் ஆர்வக்கோளாறு இல்லீங்க. எம்ஆர்ஐ ஸ்கேனும் இதே ஒத்ததிர்வுதான். அதன் நியோபியம்-டைட்டானியம் காந்தச் சுருளை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிரவைக்கிறார்கள். நமக்கு அந்த ஹீலியம் இறக்குமதிச் சரக்கு. வேறு கம்பி வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒழுங்கின்மை கெடுதலா உதவியா என்று முதலில் தெரிய வேண்டும். சில குறைகள் காந்தச் சுழல்களை நகரவிடாமல் பிடித்துவைத்து, கம்பி அதிக மின்சாரம் தாங்க உதவவும் செய்கின்றன. எது எந்த வகை என்பது டிகிரிக் கணக்கில் வராது.