வழிநடத்துவோர் முதலில் தம்மைக் காணட்டும்

திருச்சபைகளில் மனக்காயம் ஆற்றும் சீடத்துவப் பயிற்சிகள் நடைபெறுவது நன்றே. ஆனால், நாவன்மை உடையோரே அவற்றை வழிநடத்தத் தக்கவர் என்னும் எண்ணத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1987இல் திருச்சபை ஒன்றை நிறுவியவர் போதகர் பீட்டர் ஸ்கசேரோ. 1996இல் அவர்தம் மனைவியே அச்சபையை விட்டு விலகுவதாக அறிவித்தார். அதன்பின் ஸ்கசேரோ தம் உள்ளத்தையும், பிறந்த குடும்பம் தம்மீது பதித்த வடுக்களையும் ஆராய்ந்தார். உணர்வுநலம் உள்ள திருச்சபை குறித்த அவர் நூல் வெளிவந்தது 2003இல்தான். ஏழாண்டு இடைவெளி! நூலை வாங்கிய மறுவாரமே பயிற்றுநராக அமர்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! கண்ணீரோடு பகிர்ந்த இரகசியம் ஜெபக் குறிப்பாக ஊர் சுற்றினால், அது ஆறுதலா? உடனே மன்னிக்க இயலாதவரை விசுவாசமற்றவர் என்பது மருந்தா? தம் புண்ணைப் பாராதவர் பிறர் புண்ணைத் தொடலாகாது. சிந்திப்போம்!