குற்றவாளி சோறு மட்டுமா?



அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போனா ஒரே பேச்சுத்தான்: "சோத்தைக் குறையுங்கோ." குற்றம் எப்பவும் அவவின்ர கோப்பையில.

2018இல் 'செல்' ஆய்விதழில் வந்த மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வொன்றை வாசித்தேன். தென்கிழக்காசியாவின் மொங், கரென் பெண்கள் 500க்கும் மேற்பட்டவர்களின் குடல் பாக்டீரியாக்களைப் பார்த்திருக்கிறார்கள். (போர் துரத்தின சனம், எங்களைப் போல.) அமெரிக்கா வந்து 9 மாதங்களுக்குள்ளேயே ஊர்ப் பாக்டீரியாக்கள் குறையத் தொடங்குது. நார்ச்சத்தை உடைக்கிற பிரிவோட்டெல்லா போக, பாக்டீராய்டீஸ் அந்த இடத்தைப் பிடிக்குது. அங்க பிறந்த பிள்ளைகளிடம் வகைகள் இன்னும் குறைவு. உடற்பருமன் உள்ளவர்களிடம் இழப்பு கூட. எது காரணம், எது விளைவு என்று ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுது: உணவு மாற்றம் மட்டும் இதை விளக்காது.

அப்ப ஏன் பழி முழுக்கச் சோத்துக்கு?

எங்கட ஆக்களுக்கு இப்ப புரோபயோட்டிக் குளிசை வேற விக்கிறாங்கள். அம்மா 15 வருசம் இரவு வேலை செய்தவ. எப்ப நித்திரை, எப்ப சாப்பாடு என்று ஒருத்தரும் அவவைக் கேட்டதில்லை. வேலைநேரம் பற்றின எங்கட அடுத்த கூட்டத்தில இதையும் எடுப்பம். அம்மாவும் வாறா.