பரணில் கிடந்த மாண்டலினுக்கு வயசு என்ன?

மாட்டுச் சந்தைக்குக் கொம்புக்கு வர்ணம் அடிச்சு, கழுத்துல சலங்கை கட்டித்தான் ஓட்டிக்கிட்டு வருவாங்க. வாங்குறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். எங்க வீட்டு மாண்டலின் விஷயத்துல நாங்க இத்தனை வருஷமா கொம்பையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம்.

தாத்தா ரங்கூன்ல கடை வேலை பார்த்துட்டு, சண்டைக்கு முன்னாடி ஊர் திரும்பினப்ப கொண்டு வந்தது. முதுகு பாதிப் பூசணிக்காய் மாதிரி உருண்டை. ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி. நடு ஓட்டையைச் சுத்திச் சிப்பி பதிச்சிருக்கு. அதுக்குக் கீழே ஆமை ஓடு மாதிரி ஒரு தகடு, அதுல சிப்பியிலயே வண்ணத்துப்பூச்சி. "இருநூறு வருஷத்துச் சாமான், இத்தாலி ராஜா வீட்டுது"ன்னு அப்பா சொல்வார்.

போன மாசம் வந்த பழைய சாமான் வியாபாரியும் அதையே சொன்னார். "வேலைப்பாட்டைப் பாருங்க, லட்சக்கணக்குல போகும், ஆள் பிடிச்சுத் தரேன், முன்பணம் பத்தாயிரம் கொடுங்க"ன்னார். தம்பி நெல்லு வித்த காசை எடுக்கவே போயிட்டான். ரெண்டு நாள் பொறுடான்னேன்.

ராத்திரி டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பார்த்தேன். உள்ளே ஒரு சீட்டு. பெரிய எழுத்துல இத்தாலிக்காரப் பேரு. அடியில பொடியா இங்கிலீஷ்ல 'மேட் இன் ஜெர்மனி'. பேரை நம்ப வேண்டாம். ஸ்ட்ராடிவாரியஸ்னு சீட்டு ஒட்டின சாதா ஃபிடில் உலகம் பூரா கிடக்கு. பொடி எழுத்துதான் பல்லு. வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்கு மாதிரி விக்கக் கூடாதுன்னு 1887-ல பிரிட்டன் சட்டம் போட்ட பிறகுதான் அந்த வாசகம் பரவலாச்சு. பர்மாவும் அப்ப வெள்ளைக்காரன் கையிலதான்.

அடுத்து அந்தத் தகடு. துணியால சூடேற அழுத்தித் தேய்ச்சு முகர்ந்தா லேசா கற்பூர வாசம். அப்ப ஆமை ஓடு இல்ல, செல்லுலாய்டு. அதுல கற்பூரம் சேரும். 1870 வாக்குல புழக்கத்துக்கு வந்த பொருள். (பழுக்கக் காய்ச்சின ஊசியால குத்திப் பார்க்கச் சொல்றவங்க உண்டு. செய்யாதீங்க, குப்புனு பத்திக்கும்.)

அந்தக் காலத்துல ஐரோப்பா, அமெரிக்கா ரெண்டுலயும் மாண்டலின் மோகம். ஜெர்மனியில மார்க்நாய்கிர்ஷென் பக்கம் ஊரே வாத்தியம் செஞ்சு ஏத்துமதி பண்ணுச்சு. வண்ணத்துப்பூச்சியும் அப்ப பலரும் போட்ட டிசைன்தான். ஆக, நம்ம சாமானுக்கு ஏறக்குறைய நூறு வயசு. ராஜாவும் இல்ல, அரண்மனையும் இல்ல.

பட்டணத்துல பழைய கதவு, ஊஞ்சல், வாத்தியம்னு தேடி வாங்குறீங்க. சிப்பியையும் செதுக்கலையும் பார்த்து வயசு சொன்னா ஒத்துக்காதீங்க. உள்சீட்டு, ஆணி, திருகு, பின்பக்கம், இதையெல்லாம் பாருங்க. கையில வந்ததும் வார்னிஷ் அடிச்சுப் புதுசாக்கிடாதீங்க. கனமான கம்பி போட்டு முறுக்கினா பழைய பலகை தாங்காது.

வியாபாரிகிட்ட சீட்டு விஷயத்தைப் போன்ல சொன்னேன். அப்புறம் எடுக்கவே இல்ல. தம்பிக்குத்தான் கோபம், லட்ச ரூபாயை நான் கெடுத்துட்டேன்னு. எதிர் வீடுதான், இன்னும் பேசல. மாண்டலின் தாத்தா வேட்டியில சுத்தி என் பீரோ மேல இருக்கு.