இணையதளம் அமைப்பவருக்கு நியாயமான கூலி எது?

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர், மாதச் சம்பளக்காரர்களால் வளர்ந்த பேட்டை. 1967-இல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கி நடத்திய ஏ.எஸ்.ராவின் பெயரே அதற்கு வழங்குகிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிராவிடண்ட் பண்டு எல்லாம் அந்தத் தலைமுறைக்கு எழுத்தில் இருந்தன. இன்று வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் பிள்ளைக்கோ கூலியை நிர்ணயிக்க எவரும் இல்லை. அவர் யாருக்கும் ஊழியர் அல்லர். எனவே குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவரை எட்டுவதில்லை.

"அடுத்த தெருவில் பாதி விலைக்குச் செய்கிறார்களே" என்று வாடிக்கையாளர் சொன்னதும் பலர் பணிந்துவிடுகின்றனர். காரணம், தம் விலை எப்படி வந்தது என்பதை அவர்களே கணக்குப் பார்த்திராததுதான்.

கணக்கில் வராத நேரம்

ஓர் உதாரணம் பார்ப்போம். குடும்பச் செலவுக்கு மாதம் 42,000 ரூபாய். மின்சாரம், இணைய இணைப்பு, கம்ப்யூட்டர் தேய்மானம் 8,000. வைத்தியத்துக்கும் முதுமைக்கும் சேமிப்பு 10,000. ஆக மொத்தம் 60,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி நேரம். ஆகவே மணிக்கு 300 ரூபாய் போதும் என்று தோன்றும். இங்கேதான் தவறு நேர்கிறது. வேலை தேடுவதற்கும், தொலைபேசியில் பேசுவதற்கும், பாக்கி கேட்டு அலைவதற்கும் பாதி நேரம் போய்விட்டால், கூலி கிடைப்பது 100 மணிக்குத்தான். அப்போது உண்மையான விலை மணிக்கு 600 ரூபாய். 40 மணி நேர வேலைக்கு 24,000 ரூபாய் கேட்பது பேராசை ஆகாது.

அந்த விலைக்கு ஒப்புக்கொண்ட பின்பும் ஆபத்து உண்டு. "நிறத்தை மாற்றுங்கள்", "இன்னும் இரண்டு பக்கம் சேருங்கள்" என்று 20 மணி நேரம் கூடினால், 600 ரூபாய் 400 ஆகிவிடுகிறது. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவதே இதற்குப் பரிகாரம். முன்பணமும் அவசியம்.

வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கலாம். சிறு கடைக்காரரிடம் 12,000 ரூபாய்தான் இருக்கக்கூடும். அப்போது வேலையின் அளவைக் குறைக்கலாமே தவிர, மணிக்கூலியைக் குறைக்கக் கூடாது.

45 நாள் கெடு

விலையை நிர்ணயிக்காத சட்டம், பணம் தரவேண்டிய நாளை நிர்ணயித்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எந்தத் தேதி குறித்திருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தேதியே குறிக்காவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. மாநில வசதி மன்றத்தில் முறையிடலாம்.

தனி ஆளும் குறுந்தொழிலாக உத்யம் பதிவு பெறலாம்; கட்டணம் கிடையாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. கெடு தாண்டிய தொகையை, அதைக் கொடுத்த பிறகே வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்ற விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. ஆகவே இழுத்தடிக்கும் வியாபாரிக்கும் நஷ்டமுண்டு.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 2017-லேயே இத்தகையோருக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால், வேலை முடிந்த 30 நாளில் பணம் தரவேண்டும். இந்தியாவிலும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயமாக வேண்டும். அதுவரை, தந்தைக்கு நியமன உத்தரவு எப்படியோ, அப்படியே மகனுக்கு அவர் எழுதி வாங்கும் ஒரு தாள். அது கையில் இல்லாதவரை எந்த விலையும் நியாய விலை ஆகாது.