நிசப்தம் நற்சான்று ஆகாது

மறதி நோயுற்ற பெரியோருக்கான விடுதியைத் தேர்ந்தெடுக்க அதன் சுத்தமும் அமைதியுமே போதிய பிரமாணம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதை, என் பெரியம்மாவுக்காக நான்கு விடுதிகளின் படியேறி இறங்கியவன் என்ற முறையில் நான் அடியோடு மறுக்கிறேன். முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுக் காலை பத்து மணிக்குப் போகிறவருக்கு எந்த விடுதியும் சாந்தி நிலையமாகவே காட்சி தரும். பொழுது சாய்ந்து, 'வீட்டுக்குப் போகணும்' என்று முதியவர்கள் பரிதவித்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கும் வேளையிலன்றோ போய்ப் பார்க்க வேண்டும்! அப்படி நான் போன ஓர் இடத்தில் பரிபூரண நிசப்தம். தாடை தளர்ந்து அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் இடுப்பைச் சுற்றி, நாற்காலியோடு முடிச்சிட்ட பழைய துண்டும், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் ஆடை படர்ந்து ஆறிப்போன காப்பியும் இருந்தன.

மறதி நோயுற்ற முதியோரை அடக்கி வைக்கக் கொடுக்கப்படும் சித்தப்பிரமைக்கான மருந்துகள் அவர்களின் மரண அபாயத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருக்க, அமைதி எதனால் விளைந்தது என்று விசாரியாமல் அதைப் புகழ்வது அநியாயம். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், மருந்தை எழுதியவர் யார், அதைக் குறைத்துப் பார்த்தது எப்போது, கீழே விழுந்தவர்களின் பதிவேடு எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்கும் நிர்வாகியிடம், தன் வலியைச் சொல்லத் தெரியாத ஜீவனை எந்த நம்பிக்கையில் ஒப்படைப்பது?

நாங்கள் சேர்த்த இடம் சந்தடி மிகுந்தது, சுண்ணாம்பு உதிர்வது. ஆனால் அங்கே ஒரு பணிப்பெண் பெரியம்மாவின் அருகே முட்டியிட்டு, ஒவ்வொரு கவளத்துக்கும் காத்திருக்க, அவளைத் தம் தங்கையென்றே எண்ணிப் பேசியபடி, முக்கால் மணி நேரமெடுத்து பெரியம்மா தம் கையாலேயே உண்டு முடிக்கிறார்.