பெரிய கட்சிகளின் வாசலில் மட்டும் காத்து நிற்கும் தமிழர்

சிறு கட்சிக்கு இடும் வாக்கு வீண் வாக்கு என்ற எண்ணம் அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரிடம் வேரூன்றிக் கிடக்கின்றது. தேர்தல் வந்தால் தொழிற்கட்சியா, லிபரல் கட்சியா என்பதோடு வீட்டு விவாதம் முடிந்துவிடும். பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்தப்படுபவரும் அவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்தவராகவே இருப்பார். தாயகத்தில் இரு பெருங்கட்சிகள் மாறி மாறி ஏமாற்றிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கதை கதையாய்ச் சொல்லும் ஒரு சமூகம், வந்து சேர்ந்த நாட்டில் இரு பெருங்கட்சிகளைத் தவிர வேறெவரையும் ஏறெடுத்துப் பாராதிருப்பது விந்தையே.

இவ்வெண்ணம் முதலில் கணக்கிலேயே பிழையானது. இந்தியாவிலோ பிரித்தானியாவிலோ பொதுத்தேர்தலில் தோற்றவருக்கு இட்ட வாக்கு அத்துடன் செத்துவிடுகின்றது. அவுஸ்திரேலியாவில் அது சாவதில்லை. 1918 முதல் அந்நாடு விருப்பு வாக்கு முறையைக் கைக்கொண்டு வருகின்றது. பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் 1 என்ற இலக்கம் பெற்றவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டால், அந்த வாக்கு முழுப் பெறுமதியோடு 2 என்ற இலக்கம் பெற்றவரைச் சென்றடையும். ஆகவே சுயேச்சை ஒருவருக்கு முதலிடம் கொடுப்பவர், தாம் அஞ்சும் கட்சியை வெல்லவைத்து விடுவதில்லை.

"சிறு கட்சி என்றால் பொலின் ஹான்சன்தானே" என்று முகம் சுளிப்போர் உளர். அந்த அச்சம் நியாயமானது. லிபரல் கட்சி கைவிட்ட பின்னும் 1996இல் வென்ற அவர், ஆசியர்களால் நாடு மூழ்கடிக்கப்படும் ஆபத்து இருப்பதாகத் தம் கன்னியுரையிலேயே கூறினார். ஆனால் 1998இல் பிளேயர் தொகுதியில் முதல் விருப்பு வாக்குகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு பெற்று முன்னணியில் நின்றும் அவர் தோற்றதற்குக் காரணம், ஏனையோரின் விருப்பு வாக்குகள் அவரைச் சுற்றி வளைத்துச் சென்றமையே. இலக்கமிடத் தெரிந்த வாக்காளனுக்கு அம்முறை வாளும் கேடயமுமாகும்.

செனற் சபைக்கு வருவோம். 76 ஆசனங்கள் கொண்ட அச்சபையில் ஒரு சட்டமூலம் நிறைவேற முழு வருகையின்போது 39 வாக்குகள் தேவை. 1981 நடுப்பகுதிக்குப் பின்னர், 2005 முதல் 2008 வரையான மூன்றாண்டுகளைத் தவிர, எந்த அரசாங்கமும் அங்கு தனிப் பெரும்பான்மை கண்டதில்லை. 2025 மே தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் 150 ஆசனங்களில் 94ஐ வென்ற தொழிற்கட்சிக்கும் செனற்றில் பிறர் தயவு வேண்டியிருக்கின்றது.

அந்தப் பிறர் யார் என்பது புகலிடம் கோரிய தமிழரின் தலைவிதியையே தீர்மானித்திருக்கின்றது. 2014 டிசம்பரில், படகில் வந்த ஏறத்தாழ 30,000 பேருக்கு நிரந்தரப் பாதுகாப்பை மறுத்துத் தற்காலிக வீசாவை மட்டும் வழங்கும் சட்டமூலம் 34க்கு 32 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதை ஆதரித்தவர்களுள் ஒருவர் ரிக்கி மியூர். மோட்டார் வாகன ஆர்வலர் கட்சி என்ற பெயருடைய ஒரு கட்சியின் சார்பில், விக்ரோறியா மாநிலத்தில் 0.51 விழுக்காடு முதல் விருப்பு வாக்குகளோடு செனற்றுக்கு வந்தவர். கிறிஸ்மஸ் தீவில் அடைபட்டிருந்த சிறுவர்களை விடுவிப்பதாக அரசாங்கம் கொடுத்த வாக்குறுதி அவரை வளைத்தது. கெட்டதற்கும் அதைவிடக் கெட்டதற்கும் இடையே தெரிவு செய்ய நேர்ந்ததாகச் சபையில் மனம் நொந்து பேசிவிட்டே அவர் வாக்களித்தார். மனம் நொந்தவரை அதற்கு முந்திய மாதங்களில் எத்தனை தமிழ் அமைப்புகள் சென்று கண்டிருக்கும்?

2019 பெப்ரவரியில் காற்று மறுபுறம் வீசியது. மனுஸ், நவுறு தீவுகளில் நோயுற்றோரை மருத்துவர்களின் பரிந்துரைப்படி அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரும் சட்டம், அரசாங்கம் எதிர்த்தும் 75க்கு 74 என்று பிரதிநிதிகள் சபையில் வென்றது. இடைத்தேர்தலில் சுயேச்சையாக வென்று வந்த மருத்துவர் கெரின் ஃபெல்ப்ஸ் அதன் முன்னணியில் நின்றார். அச்சட்டத்தால் ஏறத்தாழ 190 பேர் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் தஸ்மேனியாவின் ஜாக்கி லாம்பி அரசாங்கத்தோடு இரகசிய உடன்பாடு செய்து வாக்களிக்க, 37க்கு 35 என்று அச்சட்டம் நீக்கப்பட்டது. தடுப்பிலிருந்தோரை நியூசிலாந்து ஏற்கும் திட்டமே தாம் கேட்டுப் பெற்ற விலை என்பதை அவர் வெளியிட 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே சுயேச்சைகளைத் தெய்வமாக்கச் சொல்வதன்று இவ்வாதம். 2013இல் கொழும்பில் இலங்கைக் குடிவரவு அதிகாரிகளால் தடுத்து விசாரிக்கப்பட்ட பசுமைக் கட்சி செனற்றர் லீ றியனனைத் தமிழர் நன்றியோடு நினைப்பது தகும். ஆனால் நன்றி வேறு, கணக்குக் கேட்பது வேறு. நெருக்கடியில் ஒரே வாக்கால் கொடுக்கவும் பறிக்கவும் வல்லவரிடம் நெருக்கடிக்கு முன்னரே சென்றிருக்க வேண்டும். அமைச்சரோடு எடுத்த புகைப்படம் அந்த இரவில் உதவாது.

2023 பெப்ரவரியில் தற்காலிக வீசாவிலிருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிட வழி திறக்கப்பட்டது. ஆயினும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரைவு விசாரணையில், பெரும்பாலும் நேர்காணலின்றிக் கோப்பை மட்டும் பார்த்து மறுக்கப்பட்டோர் அவ்வழிக்கு வெளியே விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். அந்த மீளாய்வு அமைப்பை 2024 அக்டோபரில் அரசாங்கமே கலைத்துவிட்டது. அது அளித்த தீர்ப்புகளை மட்டும் கலைக்கவில்லை. இம்முரண்பாட்டைச் செனற்றில் எழுப்ப வல்லவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றனர். அவர்களது அலுவலகக் கதவைத் தட்டத் தமிழ் மேடைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

16 வயதிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம் என்பதை இளையோர் பலர் அறிவதில்லை. செனற் வாக்குச்சீட்டில் கோட்டுக்கு மேலே குறைந்தது 6 கட்டங்களுக்கு, அல்லது கோட்டுக்குக் கீழே குறைந்தது 12 கட்டங்களுக்கு இலக்கமிட வேண்டும் என்பது 2016இல் வந்த மாற்றம். அதற்கு முன்னர் கோட்டுக்கு மேலே 1 என்று மட்டும் இட்டவரின் விருப்பு வாக்குகளைக் கட்சிகளே திரைமறைவில் பங்கிட்டன, 0.51 விழுக்காட்டுக்காரர் உள்ளே வந்ததும் அப்படித்தான். இன்று அந்த வரிசையை எழுதுபவர் வாக்காளரே. வாக்குச்சாவடி வாசலில் கட்சித் தொண்டர் நீட்டும் அட்டை வெறும் யோசனை மாத்திரமே.