பத்து நாள் பெட் ரெஸ்ட்!

ஆரணியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பட்டு நெசவாளி. முதுகுவலி. டாக்டர் (பேர் எதுக்கு?) 'பத்து நாள் பெட் ரெஸ்ட்' என்று எழுதிவிட்டார். அண்ணன் சிரிக்கிறார்.

"சேலை இறங்கினாத்தான் தம்பி கூலி. குழியை விட்டு எழுந்தா உலை எப்படிக் கொதிக்கும்?"

பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் முதல் வருஷ எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சில வாரம் கிராமத்தில் தங்க வைக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பிழைப்பு, வரும்படி எல்லாம் விசாரிக்கணும். 2022-ல் நாடு முழுக்க மருத்துவ மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுக்கணும் என்று விதியே வந்தாச்சு. சந்தோஷம். ஆனா, ஃபாரம் நிரப்புவதோடு நிற்காமல், ஒரு மணி நேரம் குழித்தறியில் உட்கார வையுங்க சார்!

அண்ணனிடம் சொன்னேன்.

"வரட்டும், நாடாவைக் கையில குடுத்துடறேன்" என்றார், முதுகைப் பிடித்தபடியே.